ரேச்சலிடம் சொல்லிவிடலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வீடியோ கேமைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். "லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்: பிஃபோர் த ஸ்டார்ம்" என்று பெயர். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை, அதனால் இந்த வாரம் முழுக்க அதையே பேசிவிடலாம். விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் ஆர்கேடியா பே என்று ஒரு கற்பனை ஊர், 2010 மே மாதம். க்ளோயி பிரைஸ் என்ற பெண்ணுக்கு வயது 16. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா கார் விபத்தில் போய்விட்டார். உயிர்த்தோழி மேக்ஸ் அதே சமயத்தில் சியாட்டிலுக்குக் குடிபெயர்ந்தவள், அங்கே போனதும் பேச்சை நிறுத்திவிட்டாள். அம்மா ஜாய்ஸ் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார், டேவிட் என்று ஒருவர் அவருடைய வாழ்க்கைக்குள் வந்திருக்கிறார், க்ளோயிக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. இப்படி யாருமில்லாமல் நிற்கும் நேரத்தில்தான் ரேச்சல் ஆம்பர் வருகிறாள். பள்ளிக்கே செல்லப்பிள்ளை, மாவட்ட அரசு வழக்கறிஞரின் மகள். இந்த இரண்டு பேரும் சிநேகிதிகளாகும் சில நாட்கள்தான் மொத்தக் கதையும்.

கேள்வி: அக்கா, இது முன்கதை என்கிறீர்கள். அப்படியென்றால் இதை முதலில் ஆடிவிட்டு அப்புறம் பழையதை ஆடலாமா? என்னிடம் இருப்பது சாதாரண லேப்டாப்தான்.
– கல்லூரி மாணவர், பெருந்துறை

வேண்டாம் தம்பி. 2015-இல் வந்த முதல் விளையாட்டை ஆடிவிட்டு இதற்கு வாருங்கள். அதைச் செய்தது டோன்ட்நாட் என்ற பிரெஞ்சு நிறுவனம், ஐந்து அத்தியாயம். அதில் மேக்ஸ்தான் நாயகி, அவளுக்கு நேரத்தைப் பின்னால் திருப்பும் சக்தி உண்டு. முன்கதையைச் செய்தவர்கள் டெக் நைன் என்ற அமெரிக்க நிறுவனத்தார், மூன்று அத்தியாயம், 2017 ஆகஸ்ட் 31-இல் தொடங்கி அந்த டிசம்பருக்குள் முடித்துவிட்டார்கள். இதில் க்ளோயிதான் நாயகி, அவளுக்கு எந்தச் சக்தியும் கிடையாது.

வரிசை ஏன் முக்கியம் என்றால், முதல் விளையாட்டில் ரேச்சல் ஒரு போஸ்டர் மட்டும்தான். "காணவில்லை" என்று ஊரெல்லாம் அவள் முகம் ஒட்டியிருக்கும். ஒருவர் அவளைத் தேவதை என்பார், இன்னொருவர் பொய்க்காரி என்பார், க்ளோயி அவளைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். அவளை நேரில் பார்க்கவே முடியாது. அந்த ஏக்கத்தோடு முன்கதைக்குள் போனால், பழைய மரம் அறுக்கும் மில் ஒன்றில் நடக்கும் பாட்டுக் கச்சேரியில், க்ளோயி இரண்டு முரடர்களிடம் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரேச்சல் வருவாள் பாருங்கள், எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. போஸ்டரில் பார்த்தே பழகிய முகம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறது. முன்கதையை முதலில் ஆடினால் அவள் யாரோ ஒரு பெண்ணாக வந்து போவாள்.

லேப்டாப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெரிய கேமிங் கணினி கேட்கிற விளையாட்டு இல்லை இது. நடப்பது, பார்ப்பது, பேசுவது, தேர்ந்தெடுப்பது, அவ்வளவுதான். அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். 2022-இல் படத்தை மெருகேற்றி இரண்டு விளையாட்டையும் சேர்த்து மறுபடி விட்டார்கள், ஆனால் பழையதே போதும்.

கேள்வி: என் மகளுக்குப் பதினைந்து வயது. ராத்திரி இந்த கேமை ஆடிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறாள். எட்டிப் பார்த்தால் அதில் வரும் பெண் கஞ்சா புகைக்கிறாள், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– ஒரு தாய், பல்லடம்

உங்கள் பயம் நியாயம்தாங்க. அமெரிக்கத் தரச்சான்றுப்படி இது 17 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு, ஐரோப்பாவில் 16. கெட்ட வார்த்தை உண்டு, போதை உண்டு, குத்து வெட்டு உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து ஆட வேண்டியது இல்லை என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் போனைப் பிடுங்காதீர்கள். அவள் எதற்கு அழுதாள் என்பது தெரியாமலேயே போய்விடும். க்ளோயியின் வீட்டில் காலைச் சாப்பாட்டுக் காட்சி ஒன்று வரும். அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் குத்திக் குத்திப் பேசுவார்கள். இரண்டு பேருக்குமே அப்பா இல்லாத வலிதான், இரண்டு பேருமே அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். நான் அதை ஆடும்போது பக்கத்தில் என் அக்கா இருந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்குப் பசிக்குதுடி, அந்தம்மாவுக்கும் பசிக்குது, ரெண்டு பேரும் சாப்பாட்டை முன்னால வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க" என்றார். வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர் அவர்.

ஒருநாள் பொழுதோடு மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்ன கண்ணு இது, எனக்கும் காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் அவளுக்கே கூச்சமாகிவிடும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். க்ளோயிக்கு ரேச்சல் மேல் வருவது நட்பா காதலா என்பதை ஆடுகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், முதல் அத்தியாயத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். பெண்ணுக்குப் பெண் மேல் காதல் வருவதைக் கதை அசிங்கமாகக் காட்டவில்லை, கிண்டலும் செய்யவில்லை. அந்த இடத்தில் முகத்தைச் சுளித்தீர்கள் என்றால் அதற்கப்புறம் எதையும் உங்களிடம் கொண்டுவர மாட்டாள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரியவர்களை எதிர்த்துப் பேசினால் ஜெயிக்கலாம் என்று ஒரு விளையாட்டு சொல்லிக்கொடுக்கிறது. இதை நீங்கள் பாராட்டுகிறீர்களே, நம்ம பக்கம் பிள்ளைகளை இப்படியா வளர்க்கிறோம்?
– ஆசிரியர் (ஓய்வு), சோமனூர்

ஐயா, நீங்கள் சொல்வது "பேக்டாக்" என்று அதில் வரும் வாய்ச்சண்டையை. எதிராளி ஒன்று சொல்வார், திரையில் மூன்று பதில் வரும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் சரியானதைப் பிடிக்க வேண்டும். சரியானது எது என்றால் சத்தமானதோ திமிரானதோ இல்லை. எதிராளி சற்று முன் சொன்ன வார்த்தையையே எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுக்கும் பதில்தான் சரி. அவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்காமல் ஜெயிக்க முடியாது. முதல் முறை, அந்த மரம் அறுக்கும் மில் வாசலில் நிற்கும் காவலாளிதான் எதிராளி. நான் அவர் பேசியதை ஒழுங்காகக் கவனிக்காமல் தோற்றேன்.

நம்ம ஊருக்கு இது புதிதா ஐயா? ஈரோட்டு மஞ்சள் மண்டியில் காது வைத்தால் போதும். "வெல ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுங்" என்பார் வாங்குபவர். "ஜாஸ்தியா இருக்கறதாலதானுங் சரக்கு சுத்தமா இருக்குது" என்பார் விற்பவர். அவர் வார்த்தை, இவர் கையில். மரியாதையாக ஒரு "ங்"கைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் கேட்டவருக்குக் கோபமும் வராது. க்ளோயிக்கு அந்த "ங்" மட்டும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

பேக்டாக்கில் ஜெயித்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்றும் அந்த விளையாட்டு சொல்லவில்லை. சில இடத்தில் ஜெயித்தபின் எதிரே நிற்பவர் முகம் உடைந்துபோவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அம்மாவிடம் பேசி ஜெயிப்பது எப்படிப்பட்ட ஜெயம் என்பது ஆடினால்தான் தெரியும்.

கேள்வி: முதல் கேமில் க்ளோயிக்குப் பேசிய குரல் இதில் இல்லையே, ஏன்? எனக்கு முதல் ஒரு மணி நேரம் ஒட்டவே இல்லை.
– வாசகர், திருப்பூர்

முதல் விளையாட்டில் பேசியவர் ஆஷ்லி பர்ச். முன்கதை தயாரான காலத்தில் அமெரிக்காவில் வீடியோ கேம் குரல் கலைஞர்களின் சங்கம் வேலைநிறுத்தத்தில் இருந்தது. 2016 அக்டோபரில் தொடங்கியது, ஏறக்குறைய ஒரு வருடம் நீடித்தது. தொண்டை கிழியக் கத்தும் காட்சிகளுக்குப் பாதுகாப்பு, நன்றாக விற்கும் விளையாட்டுக்குக் கூடுதல் ஊதியம், எந்த விளையாட்டுக்குப் பேசுகிறோம் என்பதையே மறைக்காமல் முன்கூட்டிச் சொல்வது, இவைதான் முக்கியக் கோரிக்கைகள். அதனால் ஆஷ்லி பர்ச் பேசவில்லை. வசனத்துக்கு ஆலோசகராக மட்டும் இருந்தார், குரலை ரியான்னா டெவ்ரீஸ் கொடுத்தார்.

1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள், உங்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பிடித்த வேலையை, தானே உயிர்கொடுத்த பாத்திரத்தை, இன்னொருவர் கையில் விட்டுவிட்டுச் சங்கத்தோடு நின்றதை நான் மதிக்கிறேன். புதுக் குரலும் எனக்கு இரண்டாம் அத்தியாயத்துக்குள் ஒட்டிவிட்டது. பதினாறு வயது க்ளோயிக்கு இன்னும் கொஞ்சம் உடையும் குரல் இருப்பது சரிதான் என்று பட்டது. ஆஷ்லி பர்ச்சின் குரலையே கேட்க வேண்டும் என்றால் 2018 மார்ச்சில் வந்த "ஃபேர்வெல்" என்ற கூடுதல் அத்தியாயத்தில் அவர்தான் பேசியிருக்கிறார். அதைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

கேள்வி: தமிழில் இருக்கிறதா?
– வாசகி, கரூர்

இல்லைங்க. ஆங்கில வசனம், எழுத்தும் ஆங்கிலம்தான் படிக்க வேண்டும். ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளையோடு சேர்ந்து ஆடினால் இரண்டு பேருக்கும் நல்லது.

கேள்வி: மூன்று அத்தியாயத்தையும் இரண்டு முறை ஆடினேன். வேறு வேறு மாதிரி தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ரேச்சலின் கதி முதல் கேமிலேயே எழுதியாகிவிட்டது. அப்புறம் எதற்கு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்? ஏமாற்று வேலை இல்லையா?
– வாசகர், ஈரோடு

இதே கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள், உங்கள் கடிதம்தான் கோபமாக இருந்தது, அதனால் இதை எடுத்தேன்.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் அண்ணன்மார் கதை கேட்டிருக்கிறேன். உடுக்கையை அடித்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் சாகப்போகிறார்கள் என்பது முதல் ராத்திரியே எல்லோருக்கும் தெரியும், அங்கே மண்ணில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் அப்பாருக்கு அந்தக் கதை மனப்பாடம். ஆனாலும் தங்கை அருக்காணி அண்ணன்மாரைப் போகவேண்டாம் என்று தடுக்கும் இடம் வந்தால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். இந்தத் தடவை நின்றுவிடுவார்களோ என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை. அவர்கள் சாகத்தான் போகிறார்கள். சாகப்போகிறவனைத் தங்கை எப்படி வழியனுப்பினாள், தோள் கொடுத்தவன் எப்படிக் கூட நின்றான் என்பதைப் பார்க்கத்தான் அந்த மனுஷன் வருஷா வருஷம் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

முன்கதை என்றாலே அப்படித்தான். முடிவை மாற்றும் வேலையை உங்களுக்கு அது கொடுக்கவில்லை. 2010 மே மாதத்தில் ரேச்சல் உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறாள், அவளிடம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. சரக்கு ரயிலின் காலிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு (நம்ம பிள்ளைகள் யாரும் இதைச் செய்துபார்க்க வேண்டாம், உயிர் போகும்) இரண்டு உண்மை ஒரு பொய் என்று ஒருவரை ஒருவர் சோதித்து விளையாடுவார்களே, அங்கே அவளை நம்பினீர்களா இல்லையா? தலைமையாசிரியர் அறையில் அவள் பழியை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்களா, வாயை மூடிக்கொண்டீர்களா? பள்ளி நாடகத்தில், மேடையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எழுதிவைத்த வசனத்தை விட்டுவிட்டு ரேச்சல் உங்களையே பார்த்துப் பேசுவாளே, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? எது செய்தாலும் நாடகம் நடக்கும், ஊர் அப்படியேதான் இருக்கும். ஆனால் உங்களுக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தது ஒன்றல்ல. நீங்கள் இரண்டு முறை ஆடியிருக்கிறீர்கள். இரண்டு முறையும் கடைசியில் ஒரே மாதிரியா இருந்தது மனசு? எனக்கு இல்லை. முதல் முறை நான் அவளைத் தலைமையாசிரியர் அறையில் காப்பாற்றவில்லை. விளையாட்டு என்னைத் தண்டிக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருந்தும் மறுநாள் கடைக்குப் போகும்போதுகூட அது உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் விளையாட்டில் மேக்ஸ் தப்பாகப் பேசிவிட்டால் நேரத்தைத் திருப்பி மறுபடி பேசலாம். க்ளோயியால் முடியாது, சொன்னது சொன்னதுதான். நிஜத்தில் நமக்கும் அதுதானே.

கேள்வி: கடைசித் தேர்வில் நீங்கள் எதை எடுத்தீர்கள்? ரேச்சலிடம் உண்மையைச் சொன்னீர்களா, மறைத்தீர்களா? நான் மறைத்தேன். என் சிநேகிதி என்னைத் திட்டுகிறாள்.
– வாசகி, பொள்ளாச்சி

ஆடி முடிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சொன்னேன். இரண்டு முறையும் சொன்னேன். உங்கள் சிநேகிதி பக்கம்தான் நான். ஆனால் உங்களைத் திட்ட மாட்டேன், ஏனென்றால் மறைப்பதற்கு அந்தக் கதை கொடுக்கும் காரணம் லேசானது இல்லை.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா ஜேம்ஸ் வேறொரு பெண்ணோடு இருப்பதை ரேச்சல் பார்த்துவிட்டுக் கொதிக்கிறாள். போட்டோவைக் கொளுத்தி, எரியும் குப்பைத்தொட்டியை உதைத்து, காட்டையே பற்றவைத்துவிடுகிறாள். அந்தப் பெண்தான் அவளைப் பெற்ற தாய் செரா என்பது பிறகு தெரிகிறது. போதைப் பழக்கத்தில் விழுந்து மகளை இழந்தவள், அதிலிருந்து மீண்டு மகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறாள். அவளை ஒரேயடியாக ஒழித்துக்கட்டச் சொல்லி, ரேச்சலின் அப்பா ஒரு ரௌடியை ஏவியிருக்கிறார். இது க்ளோயிக்கு மட்டும் தெரியும். ரேச்சலோ கத்திக்குத்து பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். "அவளிடம் சொல்லாதே" என்று பெற்றவளே க்ளோயியிடம் கேட்டுக்கொள்கிறாள். இப்போது சொல்வதா, மறைப்பதா.

நான் ஏன் சொன்னேன் என்றால், அதற்குக் காரணம் அந்த விளையாட்டுக்குள் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழி ஒருத்தி. அவள் அப்பாவுக்குத் தறிக்குடோன் இருந்தது, கடன் ஏறிவிட்டது. ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அப்பாவிடம் வீட்டை விற்றுவிட்டேன், ஓசூர் பக்கம் போய்விடப் போகிறோம் என்று சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்துவிட்டார். "அம்மிணி, புள்ளைகிட்டச் சொல்லிராத சாமி, பரிட்சை முடியட்டும்" என்றார். பெரிய மனுஷன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்கிறார், நான் என்ன செய்வேன். ஒன்றரை மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்றரை மாதமும் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் எந்த டியூஷனுக்குச் சேர்ந்து போவது, கொடிவேரிக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போவது என்றே பேசிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுச் சாமானை டெம்போவில் ஏற்றிய அன்று போனேன். "உனக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அவள் அழவும் இல்லை, சண்டையும் போடவில்லை. கையில் இருந்த குடத்தை உள்ளே வைத்துவிட்டு டெம்போவில் ஏறிக்கொண்டாள். 23 வருடம் ஆகிறது, அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

அவள் அப்பா கெட்டவர் இல்லை. பிள்ளை பரிட்சை எழுதட்டும் என்றுதான் நினைத்தார். நானும் கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை. ஆனாலும் அவளுடைய கடைசி ஒன்றரை மாதத்தை, அவளுக்கே தெரியாமல், நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஊரோடு விடைபெற, என்னோடு விடைபெற அவளுக்கு நேரம் இருந்தது, அது அவளுடைய நேரம்.

ஜேம்ஸ் ஆம்பர் என் தோழியின் அப்பாவைப் போன்றவர் இல்லை, அவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மறைக்கிறார். அது எனக்கு எளிதான பகுதி. கஷ்டமான பகுதி செராவின் வேண்டுகோள்தான். அவள் தன்னைப் பற்றிய ரகசியத்தைக் காக்கச் சொல்கிறாள், அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. நீங்கள் அதை மதித்து மறைத்திருந்தால் அது கோழைத்தனம் இல்லை. கட்டிலில் கிடப்பவளுக்கு இன்னும் ஒரு அடி எதற்கு என்று நினைத்தாலும் தப்பில்லை. நான் மட்டும் அந்தக் கட்டிலில் ரேச்சலைப் பார்க்கவில்லை, டெம்போவில் குடத்தை வைத்தவளைத்தான் பார்த்தேன். அதனால் கை தானாக "சொல்" என்ற பக்கம் போய்விட்டது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தபின் அந்தக் காட்சி வருகிறது. ஒரு அறை, ரேச்சலின் போன், க்ளோயியிடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு. யாரும் எடுக்கவில்லை. சிநேகிதியோடு சண்டை போடாதீர்கள். நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள். விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கி வேறு எங்கேயோ போய் நிற்பீர்கள்.

கேள்வி: பாட்டு யாருடையது? மகன் நாள் முழுக்கப் போடுகிறான், எனக்கும் பிடித்துவிட்டது.
– வாசகர், காங்கேயம்

டாட்டர் என்ற லண்டன் இசைக்குழு. இந்த விளையாட்டுக்கென்றே ஒரு முழு ஆல்பம் செய்தார்கள், 2017 செப்டம்பரில் வந்தது. கிட்டார் சத்தம் தூரத்திலிருந்து காற்றில் வருவது மாதிரி இருக்கும். ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி உடுமலைப் பக்கம் வீசும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, நான் பத்தாவது. என் சிநேகிதியை இந்த ஜூனில் நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே போன் கிடையாது. லீவுக்கு வந்தபோது அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நானும் கோபத்தில் பேசவில்லை. இந்த கேமில் மேக்ஸ் செய்ததைப் பார்த்ததும் அழுகையாக வந்தது. மேக்ஸ் ஏன் அப்படிச் செய்தாள்? இனிமேல் நான் என்ன செய்ய?
– மாணவி, தாராபுரம்

கண்ணு, உன் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன்.

மேக்ஸ் ஏன் அப்படிச் செய்தாள் என்பதற்கு "ஃபேர்வெல்" அத்தியாயத்தில் கொஞ்சம் பதில் இருக்கிறது. 2008, மேக்ஸுக்கு 13, க்ளோயிக்கு 14. இன்னும் சில நாளில் சியாட்டிலுக்குப் போகப்போகிறோம் என்பது மேக்ஸுக்குத் தெரியும், க்ளோயிக்குத் தெரியாது. இரண்டு பேரும் மாடியறையைக் குடைந்து, சின்ன வயதில் விளையாடிய பழைய புதையல் வரைபடத்தைக் கண்டுபிடித்து, தோட்டத்தில் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு காலைப்பொழுது முழுக்க "இப்போது சொல்லலாமா, அப்புறம் சொல்லலாமா" என்று மேக்ஸ் தவிப்பாள். அன்றைக்கே க்ளோயியின் அப்பா இறந்த செய்தி வந்துவிடுகிறது. துக்கத்தில் கிடப்பவளை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்ச்சி அவளுக்கு. அப்படிப் போனவளுக்கு அதற்கப்புறம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்தால் இரண்டாவது மாதம் பேசுவது இன்னும் கஷ்டம். வெறுப்பு என்று எதுவுமே இல்லை அதில்.

உன் சிநேகிதியும் அப்படித்தான் இருக்கக்கூடும். விடிகாலையில் எழுப்பிப் படிக்கவைத்து, ராத்திரி வரைக்கும் படிக்கவைத்து, டெஸ்ட் டெஸ்ட்டாக எழுதவைக்கும் இடத்திலிருந்து நாலு நாள் லீவில் வந்த பிள்ளை. நீ ஊரில் யார் யாரோடு சுற்றினாய் என்று கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். உறம்பரை வீட்டுக்கு வந்தவள் மாதிரி தன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்திருப்பாள்.

க்ளோயி இந்த விளையாட்டு முழுக்க மேக்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பாள், கவனித்தாயா? அவளுடைய டைரியே மேக்ஸுக்கு எழுதும் கடிதம்தான். "அன்புள்ள மேக்ஸ்" என்று தொடங்கிப் பக்கம் பக்கமாக. ஒன்றைக்கூட அனுப்ப மாட்டாள்.

நீ அனுப்பு. தபாலாபீசில் இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய்தான், இன்னும் விற்கிறார்கள். பள்ளி முகவரியை அவள் அம்மாவிடம் போய் நேரில் கேள், கடிதம் போடலாமா என்றும் அவரிடமே கேட்டுக்கொள், தப்பாக நினைக்க மாட்டார். வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று வைத்துக்கொண்டே எழுது. கோபத்தைப் பற்றி முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். அமராவதியில் தண்ணீர் வந்ததா, உங்கள் வகுப்பில் அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது யார் உட்காருகிறார்கள், அவள் வீட்டு நாய் தெருமுனை வரை வந்து யாரைத் தேடுகிறது, இதையெல்லாம் எழுது. நெருக்கி நெருக்கி எழுது, மடிப்பு ஓரத்தில் இருக்கும் சின்ன இடத்தையும் விடாதே. தீபாவளி லீவுக்கு எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று கடைசி வரியில் கேட்டுவிடு, நீ பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவதாகவும் எழுது.